உள்கட்டுப்பாட்டுச் சோதனை: முதல் கேம்பெய்ன் போடுகிறவர்களுக்கு

வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே பலருக்கு இந்தப் பொறுப்பு வந்துவிடுகிறது. "இந்த வருஷ கன்ட்ரோல் டெஸ்டிங்குக்கு சாஃப்ட்வேரில் கேம்பெய்ன் போட்டுவிடுங்கள்" என்பார்கள். எந்தெந்த கன்ட்ரோலை யார், எப்போது சோதிப்பது என்று சாஃப்ட்வேரில் தொகுத்து அனுப்பும் ஒரு சுற்றுதான் கேம்பெய்ன். திறந்து பார்த்தால் புதிய கேம்பெய்ன் என்று ஒரு பட்டன் இருக்கும். பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, எந்தெந்த கன்ட்ரோல், யார் சோதிப்பது என்று ஐந்தாறு பெட்டிகளை நிரப்பினால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் போலத் தோன்றும்.

அப்படிக் கால் மணி நேரத்தில் நான் போட்ட முதல் கேம்பெய்ன் ஏறக்குறைய 300 பேருக்கு மின்னஞ்சலாகப் போனது. அவர்களில் நாற்பது பேருக்கு மேல் வேலையை விட்டிருந்தார்கள், அல்லது வேறு பிரிவுக்கு மாறியிருந்தார்கள். ஒரே கன்ட்ரோல் மூன்று பெயரில் மூன்று பேருக்குப் போயிருந்தது. அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஆனது. அதைவிடப் பெரிய இழப்பு, அதன் பிறகு நாங்கள் அனுப்பிய சரியான மின்னஞ்சல்களையும் யாரும் திறந்து பார்க்காததுதான். அதனால் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைக்குத்தான் இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எஸ்ஏபி, சர்வீஸ்நவ், ஆர்ச்சர், மெட்ரிக்ஸ்ட்ரீம் என்று உங்கள் அலுவலகத்தில் எந்த சாஃப்ட்வேர் இருந்தாலும் திரையின் தோற்றம்தான் மாறும். வேலை ஒன்றுதான்.

எதற்காக இந்தச் சோதனை

கம்பெனியில் தவறு நடக்காமல் தடுக்கவோ, நடந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்கவோ வைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் கன்ட்ரோல் என்கிறோம். பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்ததற்கான ஜிஆர்என், சப்ளையரின் இன்வாய்ஸ் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு கன்ட்ரோல். மாதம் முடிந்ததும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் நம் பேரேட்டையும் ஒப்பிட்டு ரீகன்சிலியேஷன் போடுவது இன்னொன்று.

ஒவ்வொரு கன்ட்ரோலைப் பற்றியும் இரண்டு கேள்விகள் உண்டு. எழுதி வைத்தபடி அப்படியே செய்தால் அது தவறைப் பிடிக்குமா? இது வடிவமைப்பு பற்றிய கேள்வி. எழுதி வைத்தபடி உண்மையிலேயே செய்தார்களா, வருடம் முழுக்கச் செய்தார்களா? இது செயல்பாடு பற்றிய கேள்வி. முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் இரண்டாவதைக் கேட்டுப் பயனில்லை. பல கேம்பெய்ன்களில் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து நேராக சாம்பிள் எடுக்கப் போய்விடுகிறார்கள்.

இந்தியாவில் இதைச் சட்டமே கேட்கிறது. 2009 ஜனவரி 7 அன்று, சத்யம் நிறுவனத்தின் கணக்கில் காட்டியிருந்த வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். ரீகன்சிலியேஷன் என்ற சாதாரண வேலைக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பது அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்தது. பிறகு வந்த 2013 கம்பெனிகள் சட்டத்தின் 134(5)(இ) பிரிவு, நிதி சார்ந்த உள்கட்டுப்பாடுகள் போதுமானவை, சரியாகச் செயல்படுகின்றன என்று பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் இயக்குநர்கள் உறுதி சொல்ல வேண்டும் என்கிறது. 143(3)(ஐ) பிரிவின்படி ஆடிட்டரும் தன் கருத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிறிய தனியார் நிறுவனங்கள் சிலவற்றுக்கு இந்த ஆடிட்டர் அறிக்கையிலிருந்து 2017-இல் விலக்கு கிடைத்தது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனமானால் அங்கே 2002-இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தின் 404-வது பிரிவும் சேர்ந்துகொள்ளும். இன்போசிஸ், விப்ரோ போன்றவை இரண்டுக்கும் பதில் சொல்கின்றன.

இயக்குநர்கள் போடும் அந்தக் கையெழுத்துக்கு அடியில் இருப்பது நீங்கள் போடப்போகும் கேம்பெய்ன். வேலையை ஆரம்பிக்கும்போது இது மனதில் இருக்கட்டும்.

கன்ட்ரோல் பட்டியலைச் சுத்தம் செய்வது

சாஃப்ட்வேரில் ரிஸ்க், கன்ட்ரோல் பட்டியல் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். முதல் வேலை, அதை முழுக்க எக்செல்லில் இறக்குவது. இறக்கியதும் ஓனர் (கன்ட்ரோலைச் செய்யும் பொறுப்பாளர்) பெயர் காலியாக இருப்பவை, ஓனர் வேலையை விட்டுப் போனவை, ஒரே வாசகம் இரண்டு எண்களில் இருப்பவை, மூடிவிட்ட கிளைக்கோ ஆலைக்கோ உரியவை ஆகியவற்றைத் தேடுங்கள். எச்ஆர் பிரிவிடம் இன்றைய ஊழியர் பட்டியலை வாங்கி, ஊழியர் எண்ணை வைத்து விலுக்அப் (VLOOKUP, இரண்டு பட்டியல்களைப் பொருத்திப் பார்க்கும் எக்செல் சூத்திரம்) போட்டால் பாதி குப்பை அரை நாளில் வெளியே வந்துவிடும். பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள். நம் ஊரில் இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும், சில நேரம் வரவே வராது.

அப்புறம் வாசகங்களைப் படியுங்கள். இதற்குத்தான் நேரம் எடுக்கும், இங்கேதான் நேரம் கொடுக்கவும் வேண்டும். ஒரு பழைய கன்ட்ரோல் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (வெண்டார் மாஸ்டர் என்பது சப்ளையர்களின் பெயர், வங்கிக் கணக்கு போன்ற விவரங்கள் இருக்கும் கணினிப் பட்டியல்.)

"வெண்டார் மாஸ்டரில் செய்யப்படும் மாற்றங்கள் முறையாகப் பரிசீலிக்கப்படுகின்றன."

யார் பரிசீலிக்கிறார்? எப்போது? எதை வைத்துக்கொண்டு? பரிசீலித்ததற்கு அடையாளமாக என்ன மிஞ்சும்? எதற்கும் இதில் பதில் இல்லை. இதைச் சோதிக்கச் சொன்னால் பத்து டெஸ்டர்கள் பத்து விதமாகச் சோதிப்பார்கள், பத்து பேரும் பாஸ் போடுவார்கள். அதே கன்ட்ரோலை நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினால் இப்படி வரும்.

"சப்ளையரின் வங்கிக் கணக்கை மாற்றக் கோரிக்கை வரும்போதெல்லாம், சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பேயபிள்ஸ் பிரிவின் உதவி மேலாளர் கோரிக்கைக் கடிதத்தையும் கேன்சல் செய்த காசோலையையும் பெறுகிறார். மாஸ்டரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் தொலைபேசி எண்ணில் சப்ளையரை அழைத்து உறுதி செய்கிறார். அழைத்த எண், தேதி, பேசியவர் பெயர் ஆகியவற்றை மாற்றப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திடுகிறார். அதன் பிறகே மாஸ்டர் டேட்டா பிரிவு கணினியில் மாற்றுகிறது."

ஏற்கெனவே பதிவாகியிருக்கும் எண் என்ற சொற்களைக் கவனியுங்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று சப்ளையர் பெயரில் வரும் போலி மின்னஞ்சலின் அடியில் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்கு அழைத்தால் மோசடிக்காரரே எடுத்து "ஆமாம், மாற்றிவிடுங்கள்" என்பார். வாசகத்தில் அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் கன்ட்ரோலின் வடிவமைப்பே ஓட்டை. இதைக் கண்டுபிடிக்க சாம்பிள் தேவையில்லை, நிதானமாக ஒருமுறை படித்தால் போதும்.

எல்லா வாசகத்தையும் இப்படித் திருத்த உங்களுக்கு நேரம் இருக்காது. முக்கிய கன்ட்ரோல் என்று குறியிட்டவற்றையாவது திருத்துங்கள். ஓனரிடம் நேரில் போய்க் கேட்டுத் திருத்துங்கள், உங்கள் மேசையில் உட்கார்ந்து ஊகித்து எழுதாதீர்கள்.

ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் இன்னும் சில விவரங்கள் நிரம்பியிருக்க வேண்டும். எத்தனை முறை நடக்கிறது, கையால் செய்வதா அல்லது கணினியே செய்வதா, தடுக்கிற வகையா பிறகு கண்டுபிடிக்கிற வகையா, எந்தக் கிளை, எந்த ரிஸ்க் என்பவைதான் அவை. இவற்றில் எத்தனை முறை என்பதில் தவறு இருந்தால் சாம்பிள் கணக்கே தவறிவிடும். ஏனென்றால் பல சாஃப்ட்வேர்கள் அந்த ஒரு பெட்டியை வைத்துத்தான் சாம்பிள் எண்ணிக்கையை நிரப்புகின்றன.

சோதனைத் தாள்

கன்ட்ரோல் வாசகம் தெளிவானால் சோதனைத் தாளில் கேட்கவேண்டிய கேள்விகள் அதிலிருந்தே வந்துவிடும். மேலே உள்ள வங்கிக் கணக்கு கன்ட்ரோலுக்கு நான் எழுதும் கேள்விகள் இவை.

அ. கோரிக்கைக் கடிதமும் கேன்சல் காசோலையும் இருக்கின்றனவா?
ஆ. படிவத்தில் எழுதிய தொலைபேசி எண், மாற்றத்துக்கு முன் மாஸ்டரில் இருந்த எண்தானா?
இ. அழைத்த தேதி, கணினியில் மாற்றிய தேதிக்கு முந்தியதா?
ஈ. கையெழுத்திட்டவரும் கணினியில் மாற்றியவரும் வேறு வேறு ஆட்களா?
உ. கணினியில் ஏறிய கணக்கு எண் காசோலையில் இருப்பதுதானா?

ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை, பொருந்தாது என்று மட்டும் பதில் சொல்ல முடிய வேண்டும். "கன்ட்ரோல் திருப்திகரமாகச் செயல்படுகிறதா?" என்று ஒரே கேள்வியாகப் போட்டால் டெஸ்டர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதிவிடுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்வது, நடக்கும்போது நேரில் பார்ப்பது, ஆவணத்தைப் பார்ப்பது, நாமே மறுபடி செய்து பார்ப்பது என்று நான்கு வழிகள் உண்டு. வாய்வார்த்தையாகக் கேட்டது மட்டும் ஒருபோதும் போதாது. ரீகன்சிலியேஷன் என்றால் மேலாளரின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு மாதத்துக்காவது டெஸ்டரே கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். வழியில் உள்ள காசோலை (வங்கியில் இன்னும் பதிவாகாதது) என்று காட்டிய தொகை அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் வந்திருக்கிறதா என்று தேடட்டும். கையெழுத்து இருந்தும் கணக்கு பொருந்தாத ரீகன்சிலியேஷன்களை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன்.

மொத்தப் பட்டியலும் சாம்பிளும்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. சாம்பிளை எந்தப் பட்டியலிலிருந்து எடுப்பது?

வங்கிக் கணக்கு மாற்றத்துக்கு, பேயபிள்ஸ் பிரிவில் ஃபைல் செய்து வைத்திருக்கும் படிவங்களிலிருந்து 25 எடுத்தால் இருபத்தைந்திலும் படிவம் இருக்கும். படிவக் கட்டிலிருந்துதானே எடுத்தோம்! நாம் தேடுவது படிவமே இல்லாமல் நடந்த மாற்றம் ஏதாவது உண்டா என்பதை. அதனால் பட்டியல் கணினியின் மாற்றப் பதிவிலிருந்து வர வேண்டும். அங்கே தொடங்கி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் படிவத்தைத் தேடிப் போக வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆகவே பதிவே இல்லை என்று ஐடி பிரிவு சொன்னால் அதையே தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் முழுமையானதுதானா என்பதற்கும் ஆதாரம் வேண்டும். ரிப்போர்ட் எடுக்கும்போது எந்தக் கம்பெனியின், ஆலையின் குறியீடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று கொடுத்தார்கள், எத்தனை வரிகள் வந்தன என்பது தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சோதனைத் தாளோடு இணைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஆலையின் குறியீடு விட்டுப்போனாலும் அந்தச் சோதனை அந்த ஆலையைப் பற்றி எதுவும் சொல்லாது.

எத்தனை சாம்பிள்? கையால் செய்யும் கன்ட்ரோலுக்குப் பரவலாகப் புழங்கும் அளவுகள் இவை. வருடம் ஒருமுறை நடப்பதற்கு 1, காலாண்டுக்கு ஒருமுறை என்றால் 2, மாதம் ஒருமுறை என்றால் 2 முதல் 5, வாரம் ஒருமுறை என்றால் 5 முதல் 15, தினமும் என்றால் 20 முதல் 40, ஒரே நாளில் பலமுறை என்றால் 25 முதல் 60. ரிஸ்க் கூடினால் மேல் எண்ணை நோக்கிப் போக வேண்டும். உங்கள் ஆடிட்டர் எந்த அளவை ஏற்பார் என்று முதலிலேயே கேட்டு, சாஃப்ட்வேரில் இருக்கும் அட்டவணையை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். நீங்கள் 25 சோதித்து முடித்த பிறகு அவர் 40 கேட்டால் எல்லாரும் மறுபடி ஃபைலைத் தேட வேண்டியிருக்கும்.

இந்த எண்கள் ஆகாயத்திலிருந்து வந்தவை அல்ல. 25 சாம்பிளில் ஒரு தவறும் இல்லை என்றால், மொத்தத்தில் தவறின் விகிதம் ஏறக்குறைய 9 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 60 எடுத்து ஒன்றும் தவறவில்லை என்றால் அந்த எல்லை 4 சதவீதத்துக்குக் கீழே வருகிறது. 25-இல் ஒன்று தவறினால் எல்லை 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் போய்விடும். "ஒன்றுதானே தவறியது" என்று யாராவது சொல்லும்போது இந்த எண்ணைக் காட்டுங்கள்.

கணினியே செய்யும் கன்ட்ரோலுக்குக் கணக்கு வேறு. பர்ச்சேஸ் ஆர்டர் விலையைவிட இன்வாய்ஸ் விலை கூடினால் பணம் தானாகத் தடைபடும் என்ற ஏற்பாட்டை ஒருமுறை சோதித்தால் போதும், கணினி நாளுக்கொரு மாதிரி நடந்துகொள்ளாது. ஆனால் அந்த செட்டிங்கை யார் மாற்றலாம், மாற்றினால் யார் ஒப்புதல் தர வேண்டும் என்ற ஐடி கன்ட்ரோல்கள் பாஸ் ஆகியிருந்தால்தான் இப்படிச் சொல்ல முடியும். அதனால் ஐடி கன்ட்ரோல்களை முதல் சுற்றிலேயே வைத்துவிடுங்கள்.

சாம்பிளை டெஸ்டர் எடுக்க வேண்டும், ஓனர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எக்செல்லின் ரேண்டம் எண்ணே போதும். எடுத்ததும் சூத்திரத்தை விட்டு எண்ணை மட்டும் மதிப்பாக (பேஸ்ட் வேல்யூஸ்) ஒட்டிச் சேமித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் எண்கள் மாறிவிடும்.

யார் யாருக்கு என்ன

ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று பேர் வேண்டும்: கன்ட்ரோலைச் செய்கிற ஓனர், சோதிக்கிற டெஸ்டர், சோதனையைச் சரிபார்க்கிற ரிவ்யூவர். ஒருவரே இரண்டு இடத்தில் வந்தால் கேம்பெய்ன் தொடங்காதபடி சாஃப்ட்வேரில் தடை வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள்.

ஓனரே தன் கன்ட்ரோலைப் பற்றிச் சொல்லும் சுய மதிப்பீடும் உண்டு. அது பயனுள்ளதுதான், ஆனால் அது சோதனை ஆகாது. பல சாஃப்ட்வேர்களில் இரண்டுக்கும் திரை ஒரே மாதிரி இருக்கும், மேலே ஒரு தேர்வுப் பெட்டி மட்டும் வித்தியாசப்படும். அதை மாற்றிப் போட்டுவிட்டால் தாள்கள் எல்லாம் ஓனர்களுக்கே போய், எல்லாம் பாஸ் என்று பச்சை நிறத்தில் திரும்பி வரும். அந்தப் பச்சையை நம்பி மேலே அறிக்கை போய்விட்டால் பிறகு திரும்ப வாங்குவது ரொம்பக் கடினம்.

டெஸ்டர் விடுப்பில் போனால் யார் என்பதையும் இப்போதே பெயர் போட்டு வைத்துவிடுங்கள்.

தேதிகள்

நிதியாண்டு முடியும் மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆடிட்டரின் கருத்து அந்தத் தேதியின் நிலையைப் பற்றியது. வருட நடுவில் ஒரு கன்ட்ரோல் ஃபெயில் ஆனாலும், சரிசெய்து, சரியான பிறகு கொஞ்ச காலம் ஒழுங்காக நடந்ததைக் காட்டினால் மார்ச் 31 நிலை நன்றாக இருக்கும். அந்தக் கொஞ்ச காலம் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். மாதாந்திர கன்ட்ரோல் என்றால் வழக்கமாக இரண்டு மாதமாவது கேட்பார்கள், காலாண்டு என்றால் இரண்டு காலாண்டு. அப்படியானால் காலாண்டு கன்ட்ரோலில் குறை இருப்பது ஜனவரியில்தான் தெரிந்தால் அந்த வருடத்துக்குள் சரியாகிவிட்டதென்று காட்ட வழியே இல்லை. ஆகவே காலாண்டு கன்ட்ரோல்களை ஏப்ரல்-ஜூன் முடிந்ததும் ஜூலை, ஆகஸ்டிலேயே முதல் முறை சோதியுங்கள். மற்றவற்றுக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான காலத்தை எடுத்து ஒரு சுற்று, பிறகு மிச்ச மாதங்களுக்கு ஒரு சிறிய சுற்று என்று பிரித்தால் போதும். மார்ச் கடைசியில் நடக்கும் சரக்கிருப்புக் கணக்கெடுப்பு மாதிரியானவற்றை அன்றைக்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அவற்றுக்குத் தனி கேம்பெய்ன் போடுவது நல்லது.

மாதத்துக்குள் எந்த நாள் என்பதும் முக்கியம். அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 15-இல் பிஎஃப், 20-இல் ஜிஎஸ்டிஆர்-3பி. இந்த நாட்களில் ஆவணம் கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் அவசரத்தில் எதையாவது இணைத்து அனுப்புவார்கள். கெடுவை 21-க்கும் 28-க்கும் நடுவில் வையுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களை விட்டுவிடுங்கள்.

சாஃப்ட்வேரில் போடுவது

இவ்வளவும் கையில் இருந்தால் திரையில் வேலை சுலபம். ஆனாலும் சில பெட்டிகளில் நிதானம் வேண்டும்.

முதலாவது, இரண்டு ஜோடி தேதிகள். சோதிக்கப்படும் காலம் ஒன்று (ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30), சோதனை வேலை நடக்கும் காலம் ஒன்று (அக்டோபர் 5 முதல் நவம்பர் 28). சாஃப்ட்வேரில் இவை பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளாக இருக்கும். மாற்றிப் போட்டால் டெஸ்டர் தவறான மாதங்களின் ஆவணங்களைக் கேட்பார்.

அடுத்து, எந்த கன்ட்ரோல்கள் என்ற ஃபில்டர். நடப்பில் உள்ளவை, முக்கியமானவை, இந்தக் கிளைகள், இந்தப் பிரிவுகள் என்று தேர்ந்தெடுத்த பிறகு சாஃப்ட்வேர் காட்டும் எண்ணிக்கையை உங்கள் எக்செல் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். 142 வரவேண்டிய இடத்தில் 139 வந்தால் அந்த மூன்று எவை என்று தெரியாமல் மேலே போகாதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பெட்டி காலியாக இருப்பதால் ஃபில்டரில் விழுந்திருக்கும்.

மூன்றாவது, பல சாஃப்ட்வேர்கள் கேம்பெய்னைத் தொடங்கும் நொடியில் கன்ட்ரோல் வாசகத்தையும் சோதனைத் தாளையும் நகலெடுத்துக்கொள்கின்றன. அதன் பிறகு மூலத்தில் செய்யும் திருத்தம் ஏற்கெனவே போன தாள்களுக்குப் போகாது. உங்களுடையது எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் முயன்று பார்ப்பதற்கென்று தனியாக இருக்கும் சோதனை சர்வரில் ஒரு கன்ட்ரோலை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வாசகங்களை முன்கூட்டியே திருத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, இணைப்புகள். கேன்சல் காசோலையிலும் சம்பளப் பட்டியலிலும் பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். கேம்பெய்னில் உள்ள எல்லாரும் எல்லா இணைப்பையும் திறக்க முடிகிற மாதிரி விட்டுவிடாதீர்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருவதால் இதை நல்ல பழக்கம் என்ற அளவில் மட்டும் பார்க்க முடியாது. சம்பளம் தொடர்பானவற்றைத் தனிக் குழுவுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

நினைவூட்டல் மின்னஞ்சலை வாரம் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். தினமும் வந்தால் இரண்டாம் வாரம் அது ஸ்பாம் ஆகிவிடும்.

எல்லாம் ஆனதும், மின்னஞ்சலை அணைத்துவிட்டுச் சோதனை சர்வரில் ஐந்து கன்ட்ரோல்களை வைத்து ஒரு முன்னோட்டம் ஓட்டுங்கள். மாதாந்திரம் ஒன்று, தினசரி ஒன்று, கணினி கன்ட்ரோல் ஒன்று, இரண்டு கிளைகளுக்குப் பொதுவானது ஒன்று, சம்பளம் சார்ந்தது ஒன்று. டெஸ்டராக உள்ளே போய் ஒரு கேள்விக்கு இல்லை என்று போட்டு, ரிவ்யூவராகத் திருப்பி அனுப்பி, மறுபடி டெஸ்டராகச் சமர்ப்பித்துப் பாருங்கள். திருப்பி அனுப்பும் வழி அடைபட்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

தொடங்கிய பிறகு

தொடங்கும் நாளுக்கு முன்பே டெஸ்டர்களையும் ஓனர்களையும் அரை மணி நேரம் உட்கார வைத்து, நிரப்பிய சோதனைத் தாள் ஒன்றைக் காட்டுங்கள். நல்ல ஆதாரம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்தவர் பிறகு உங்களை அழைத்துக் கேட்கமாட்டார்.

டாஷ்போர்டில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று மேலிடம் பார்க்கும். நீங்கள் முதல் வாரத்தில் முடிந்த நாலைந்து தாள்களைத் திறந்து வரிக்கு வரி படியுங்கள். "சரிபார்க்கப்பட்டது, குறை இல்லை" என்று எல்லா வரியிலும் ஒரே வாசகம் ஒட்டியிருந்தால் அந்த டெஸ்டரோடு அன்றைக்கே பேசுங்கள். அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் என்ன எழுத வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். உங்களுக்குத் தெரியாத ஒருவர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, அதே ஆவணங்களை எடுத்து, அதே முடிவுக்கு வர முடிய வேண்டும். ஆவண எண், தேதி, தொகை, யார் கையெழுத்து என்பவை இல்லாமல் அது முடியாது.

சோதிக்கும் காலத்தில் அந்த கன்ட்ரோல் செயல்பட வேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை என்றால் பாஸ் போடக் கூடாது. நிகழவில்லை என்று தனி முடிவு வைத்து, வெற்றுப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை இணைக்கச் சொல்லுங்கள்.

ஃபெயில் வரும்போது

தவறிய சாம்பிளுக்குப் பதில் வேறொன்றை எடுக்கச் சொல்லி அழுத்தம் வரும். "அந்த மாதம் அவர் பிரசவ விடுப்பில் இருந்தார், வேறு மாதம் பாருங்களேன்" என்று நல்ல மனதோடுதான் கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் இல்லாத மாதத்தில் கன்ட்ரோல் நின்றுபோனது என்பதுதான் நாம் கண்டுபிடித்த விஷயமே. மாற்று ஆள் ஏற்பாடு இல்லை என்று எழுதினால், அடுத்த முறை அவர் விடுப்பு எடுக்கும்போது கம்பெனிக்கும் நல்லது, அவருக்கும் நிம்மதி.

தவறை எழுதும்போது என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன், அதனால் எவ்வளவு தொகை தவறாகப் போயிருக்கலாம், வேறு கன்ட்ரோல் ஏதாவது அதைப் பிடித்திருக்குமா என்ற வரிசையில் எழுதுங்கள். பெரிய மதிப்பீடு இந்தக் கடைசி இரண்டை வைத்துத்தான் நடக்கும். சாதாரணக் குறையா, ஆடிட் கமிட்டிக்குச் சொல்லவேண்டிய குறையா, நிதி அறிக்கையே கணிசமாகத் தவறாகலாம் என்ற அளவுக்கு மோசமானதா என்று பார்ப்பார்கள். பணம் உண்மையில் போகவில்லை என்பதால் குறை சிறியதாகிவிடாது. போயிருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இந்த வகைப்படுத்தலை நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். நிதித் தலைவரும் உள் தணிக்கைத் தலைவரும் உட்கார்ந்து முடிவெடுக்கட்டும், உங்கள் வேலை உண்மைகளை முழுமையாக அவர்கள் முன் வைப்பது.

ஒவ்வொரு ஃபெயிலுக்கும் திருத்த நடவடிக்கை, பொறுப்பாளர், தேதி மூன்றும் சாஃப்ட்வேரில் பதிவாகட்டும். திருத்தியதும் அதே தாளைத் திறந்து பாஸ் என்று மாற்றக் கூடாது. மறுசோதனைக்குத் தனி கேம்பெய்ன் போட்டு, பழைய குறையோடு இணைத்து, திருத்திய தேதிக்குப் பின் வந்த சாம்பிள்களை மட்டும் எடுங்கள்.

மூடும்போது

எல்லாத் தாளும் ரிவ்யூ ஆனதும் கேம்பெய்னைப் பூட்டி, மறுபடி திறக்கும் உரிமையை இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். திறந்தால் ஏன் திறந்தோம் என்று காரணம் எழுதாமல் விடாதபடி அமைக்க முடிந்தால் அமையுங்கள். ஆடிட்டருக்குப் பார்க்க மட்டும் உரிமை உள்ள லாகின் கொடுத்துவிட்டால் மின்னஞ்சலில் ஃபைல் அனுப்பும் வேலை மிச்சம்.

அடுத்த வருடம் இதையே காப்பி எடுத்துத் தொடங்கத் தோன்றும். எடுக்கலாம். சோதனைத் தாள்களும் ரிவ்யூவர் அமைப்பும் அப்படியே வரட்டும். சாம்பிள் பட்டியல், இணைப்புகள், ஓனர் பெயர்கள் மூன்றையும் காலி செய்துவிட்டு, எச்ஆரிடம் புதிய ஊழியர் பட்டியலை வாங்கி விலுக்அப் போடுவதிலிருந்து ஆரம்பியுங்கள்.